நாள்பட்ட சப்டியூரல் ரத்தக்கட்டு: துளை போட்டு வடித்தபின் மறுபடி சேர்வதை எப்படிக் குறைப்பது?

#1 சர்ஜரி_முதுகலை

வகுப்பு விவாதத்துக்காக அமைத்த நிலைமை இது. 78 வயது, 60 கிலோ. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (ஒழுங்கற்ற இதயத்துடிப்பு) அசிட்ரோம் என்ற ரத்த உறையாமை மாத்திரை சாப்பிடுகிறார். ஐந்து வாரத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார், அன்றைய சிடி நார்மல். இப்போது இடது காலை இழுத்து நடக்கிறார், சாயங்காலமானால் குழப்பம், காலையில் தெளிவு. சிடியில் வலப்பக்கம், மூளைக்கும் அதன் வெளியுறையான டூராவுக்கும் நடுவே (சப்டியூரல்) 22 மி.மீ. தடிமன் ரத்தக்கட்டு, மிட்லைன் ஷிஃப்ட் (மூளையின் நடுக்கோடு விலகல்) 9 மி.மீ., ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 3.1.

பர் ஹோல் (மண்டையோட்டில் சிறு துளை) தேவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு துளையா இரண்டா? டிரெயின் (வடிகுழாய்) எங்கே வைப்பது, எத்தனை நாள்? டெக்ஸாமெத்தசோன் (ஸ்டீராய்டு) கொடுக்கலாமா? இப்போது எல்லாரும் பேசும் எம்எம்ஏ எம்போலைசேஷன் (டூராவுக்கு ரத்தம் தரும் நடு மெனிஞ்சியல் தமனியை அடைப்பது) இவருக்கு வேண்டுமா? அசிட்ரோமை மறுபடி எப்போது தொடங்குவது? ஆளுக்கொரு பதில் கிடைப்பதால் இங்கே கேட்கிறேன்.

#2 துளைக்கருவி

நல்ல கேள்வி தம்பி. நியூரோ சர்ஜரியில் "சின்ன ஆபரேஷன்" என்று ஒதுக்கி, பயிற்சியில் இருப்பவர் கையில் முதலில் கொடுப்பது இதைத்தான். திரும்பத் திரும்ப தியேட்டருக்கு வருவதும் இதே நோயாளிகள்தான். அதனால் ஏன் சேர்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

வயதில் மூளை சுருங்குகிறது. மூளைக்கும் டூராவுக்கும் நடுவே பாலம் போல ஓடும் சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. லேசான அடியில் ஒன்று கிழிந்து கொஞ்சம் ரத்தம் கசிகிறது. பலருக்கு அது தானே கரைந்துவிடும். சிலருக்கு டூராவின் உள்ளடுக்குச் செல்கள் இதை ஒரு காயமாக எடுத்துக்கொண்டு, சுற்றிலும் சவ்வு கட்டத் தொடங்குகின்றன. வெளிச்சவ்வில் புதிதாக முளைக்கும் நுண்குழாய்கள் மெல்லியவை, ஒழுகுபவை. உள்ளே இருக்கும் திரவமோ உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் பொருள்கள் நிறைந்தது, உறையாது. கசிவு, கரைவு, மறுபடி கசிவு. ஐந்து வாரம் கழித்து அறிகுறி வருவதற்குக் காரணம் இதுதான். முதல் நாளில் கிழிந்த சிரை எப்போதோ அடைந்துபோயிருக்கும்.

1857-லேயே ஜெர்மன் நோயியலாளர் விர்ச்சோ இதை டூராவின் அழற்சி என்று எழுதினார். பிறகு எல்லாரும் "அடிபட்டதால் வந்தது" என்ற விளக்கத்துக்கு மாறினார்கள். இப்போது அழற்சிக்கே திரும்பி வந்திருக்கிறோம். டெக்ஸாமெத்தசோன், கொழுப்பு மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின், எம்போலைசேஷன் மூன்றுமே அந்த வெளிச்சவ்வைக் குறிவைத்து வந்தவைதான்.

துளை போட்டு வடிப்பது அழுத்தத்தை மட்டும் எடுக்கிறது. சவ்வு அங்கேயே இருக்கும். மூளை விரிந்து அந்த இடத்தை நிரப்பும்வரை மறுபடி சேர வாய்ப்பு உண்டு.

#3 ரேடியோ_வாசகி

அறுவைக்குப் போகும் முன் படத்தைப் பற்றி. சர்ஜரி_முதுகலை கொடுத்த நிலைமையில் படம் தெளிவு. தவறிப்போகும் படங்கள் வேறு மாதிரி.

புது ரத்தம் 50–70 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு (சிடியில் அடர்த்தியின் அளவு), வெள்ளையாகத் தெரியும். மூன்று வாரம் தாண்டினால் மூளையைவிடக் கறுப்பு. நடுவில் இரண்டாவது, மூன்றாவது வாரம் வாக்கில் மூளையின் அதே சாம்பல் நிறத்துக்கு வந்து நிற்கும். ஒருபக்கம் மட்டும் என்றால் ஷிஃப்ட் காட்டிக்கொடுக்கும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் ஷிஃப்டே இருக்காது. அவசரத்தில் "நார்மல் ஸ்டடி" என்று ரிப்போர்ட் போய்விடும்.

80 வயதுக்காரரின் சிடியில் மூளை மடிப்புகளுக்கிடையே இடைவெளியே இல்லாமல், வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் நிற்கும் அறை) சிறுத்து, இளைஞரின் மூளை போல "அழகாக" இருந்தால் சந்தேகப்படுங்கள். வெண்பகுதிக்கும் சாம்பல்பகுதிக்கும் உள்ள எல்லைக்கோடு மண்டையோட்டிலிருந்து உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் எம்ஆர்ஐயில் ஃபிளேர் என்ற படவகை ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

திரவத்துக்குள் அடுக்கு அடுக்காகக் குறுக்குச் சவ்வுகள் இருந்தாலும், மேலே கறுப்பும் கீழே வெள்ளையுமாகப் படிந்திருந்தாலும் சர்ஜனிடம் நேரில் சொல்லிவிடுவேன். அவை மறுபடி சேரும் வகை.

#4 பொதுமருத்துவர்_தென்காசி

மேடம் சொன்னதோடு ஒன்று. முதலில் எங்களைப் போன்ற பொதுமருத்துவர்களிடம்தான் இவர்கள் வருகிறார்கள். அதுவும் "பக்கவாதம்" அல்லது "வயசானதால மறதி" என்ற பெயரோடு. வந்து வந்து போகும் கைகால் பலவீனத்தைப் பார்த்து டிஐஏ (தற்காலிகப் பக்கவாதம்) என்று ஆஸ்பிரினும் குளோப்பிடோக்ரெலும் சேர்த்து எழுதினால் எரிகிற வீட்டில் எண்ணெய்தான். வயதானவருக்கு வாரக்கணக்கில் மாறிய நடை, புதிய சிறுநீர்க் கட்டுப்பாடின்மை, பகலில் தூக்கம் என்றால் விழுந்த வரலாறு இல்லாவிட்டாலும் சிடி எடுங்கள். பலருக்கு விழுந்ததே நினைவிருக்காது.

பலவீனம் ரத்தக்கட்டின் எதிர்ப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மூளை தள்ளப்பட்டு நடுமூளைத்தண்டு எதிர்ப்பக்க டென்டோரியம் (பெருமூளைக்குக் கீழே உள்ள டூரா மடிப்பு) விளிம்பில் நசுங்கினால் அதே பக்கக் கை கால் விழும். பக்கத்தை முடிவு செய்ய வேண்டியது படம்.

#5 மயக்கவியல்

ஐஎன்ஆர் 3.1-ஐ வைத்துக்கொண்டு கத்தி எடுக்கக்கூடாது. வைட்டமின் கே 10 மி.கி. சிரைவழி, 20–30 நிமிடம் எடுத்து மெதுவாக. வேகமாகத் தள்ளினால் அனாஃபிலாக்ஸிஸ் (கடும் ஒவ்வாமை) போன்ற எதிர்வினை வரலாம். இதன் வேலை தொடங்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும், முழுமைக்கு 12–24 மணி. கூடவே பிசிசி, அதாவது நான்கு உறைதல் காரணிகள் கொண்ட அடர்மருந்து, கிலோவுக்கு 25 யூனிட், இவருக்கு 1500 யூனிட். ஐஎன்ஆர் 4 முதல் 6 வரை என்றால் 35, அதற்கு மேல் 50. அரைமணியில் ஐஎன்ஆர் மறுபடி பார்த்துவிட்டு உள்ளே எடுக்கலாம்.

பிசிசி மட்டும் கொடுத்து வைட்டமின் கே-யை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஏழாம் உறைதல் காரணியின் அரைவாழ்வு ஆறு மணி நேரம்தான். தியேட்டரில் நன்றாக இருந்த ஐஎன்ஆர் ராத்திரி வார்டில் ஏறிவிடும், டிரெயினில் சிவப்பு வரும்.

பிசிசி கிடைக்காத இடத்தில் எஃப்எஃப்பி (உறைய வைத்த பிளாஸ்மா) கிலோவுக்கு 15 மி.லி. என்றால் 900 மி.லி. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 78 வயது இதயத்துக்கு அது பெரிய சுமை. மெதுவாக, நுரையீரலைக் கேட்டுக்கொண்டே, தேவைப்பட்டால் நீர் பிரிய ஃப்ரூசமைடு சேர்த்து. அசிட்ரோமுக்குப் பதில் டாபிகாட்ரான் என்ற உறையாமை மருந்து சாப்பிடுபவர் என்றால் அதன் மாற்றுமருந்து இடாருசிசுமாப் 5 கிராம். அதே வகை அபிக்ஸாபான், ரிவரோக்ஸாபான் என்றால், நோயாளி நிலையாக இருந்து சிறுநீரகமும் நன்றாக இருந்தால் 24–48 மணி காத்திருப்பதே எளிது.

மயக்கம்: லோக்கல் போதும். அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் கிலோவுக்கு 7 மி.கி. வரை, இவருக்கு 420 மி.கி., அதாவது 1 சதவீதத்தில் 42 மி.லி. அதில் பாதிகூடத் தேவைப்படாது. அமைதிப்படுத்த டெக்ஸ்மெடெடோமிடின் மணிக்கு கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மைக்ரோகிராம். வயதானவர்களுக்கு, முக்கியமாக பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்களுக்கு, லோடிங் டோஸ் தவிர்க்கிறேன், நாடி விழும். மிடாசோலம் கூடாது. குழப்பம் கூடினால் மருந்தாலா மூளையாலா என்று பிரிக்க முடியாது, மூச்சு மந்தித்து கார்பன் டைஆக்சைடு ஏறினால் மூளையும் வீங்கும்.

கட்டுக்கடங்காமல் புரள்பவருக்கு லோக்கல் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். டூரா திறந்திருக்கும்போது தலையைத் திருப்புபவரைவிட, குழாய் போட்டுப் பத்திரமாகத் தூங்குபவர் மேல்.

#6 துளைக்கருவி

மயக்கவியல் சார் எழுதியதை அச்சடித்து தியேட்டரில் ஒட்டலாம். இனி அறுவை.

மல்லாக்கப் படுக்கவைத்து, ரத்தக்கட்டு இருக்கும் பக்கத் தோளுக்கு அடியில் சிறு தலையணை, தலை எதிர்ப்பக்கம் 30–45 டிகிரி. தோல் கீறுவதற்கு ஒரு மணி நேரத்துக்குள் செஃபாசோலின் 2 கிராம். கத்தி வைக்குமுன் படத்தை இன்னொரு முறை பார்த்து பக்கத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கம் மாறிப் போவது எங்கும் நடக்கக்கூடியது.

இவ்வளவு தடிமனுக்கு நான் இரண்டு துளை போடுவேன். முன்துளை கரோனல் தையலுக்கு (முன்மண்டை எலும்பின் பின் இணைப்புக்கோடு) சற்று முன்னால், மேல் டெம்போரல் கோட்டை (பக்கமண்டைத் தசையின் மேல்விளிம்பு) ஒட்டி. பின்துளை பரைட்டல் (மேல்பக்க மண்டை எலும்பு) மேட்டில். இரண்டு கீறலையும் ஒரே வளைகோட்டில் வருமாறு போடுங்கள், கிரேனியாட்டமி (எலும்பைத் திறக்கும் அறுவை) தேவைப்பட்டால் சேர்த்துவிடலாம். நடுக்கோட்டுக்கு அருகே போகவே வேண்டாம், சாஜிட்டல் சைனஸ் என்ற பெரிய சிரையும் அதில் சேரும் சிரைகளும் அங்கே.

டூராவைப் பைபோலாரில் (மின்சூட்டுக் கருவி) நன்றாகச் சுட்டபின் சிலுவைக் கீறல். ஓரங்களைச் சுட்டுச் சுருக்குங்கள், வெளிச்சவ்வையும் சேர்த்து. பழைய எஞ்சின் ஆயில் நிறத்தில் பீய்ச்சிக்கொண்டு வரும். அப்போது விரலால் அடைத்து, மெதுவாக விடுங்கள். வாரக்கணக்கில் நசுங்கிய மூளைக்கு ஒரே நிமிடத்தில் அழுத்தம் போனால் மூளைக்குள்ளேயோ எதிர்ப்பக்கத்திலோ புதிய ரத்தக்கசிவு வரும்.

பின் கழுவுதல். மென்மையான ரப்பர் குழாயை எலும்புக்கு இணையாக, எதிர்ப்பே இல்லாத திசையில் மட்டும் நுழைத்து, தெளிவாக வரும்வரை சலைன் (உப்புநீர்). உள்ளே மூளை மேல் ஒட்டியிருக்கும் சவ்வைத் தொட வேண்டாம். "மூளை விரியட்டும்" என்று அதைக் கிழித்துவிட்டு மேற்பரப்பில் ரத்தக்கசிவோடு திரும்புவதுதான் இந்த அறுவையில் தேவையே இல்லாமல் வரும் சிக்கல்.

மூடும்போது முதலில் பின்துளை. தலையை முன்துளை உச்சியில் வருமாறு திருப்பி, சலைன் நிரப்பிக் காற்றை வெளியேற்றியபின் முன்துளை. இதை அவசரப்பட்டுச் செய்தால் மறுநாள் சிடியில் இரண்டு முன்மடல்களும் காற்றால் பிரிந்து ஃபூஜி மலை போலத் தெரியும்.

#7 சர்ஜரி_முதுகலை

கழுவுவதே தேவையில்லை என்றும் சிலர் சொல்கிறார்களே சார்?

#8 துளைக்கருவி

அதைத்தான் பின்லாந்தில் 589 பேரிடம் பார்த்தார்கள், 2024-இல் வெளிவந்தது. கழுவாதவர்களில் ஆறு மாதத்துக்குள் மறு அறுவை 18.3 சதவீதம், கழுவியவர்களில் 12.6. கழுவாமல் விடுவது அதற்குக் குறைந்ததல்ல என்று நிரூபிக்க முடியவில்லை. கழுவுங்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது சுவீடனில் 541 பேரிடம் செய்தது. 37 டிகிரி சலைனில் கழுவினால் மறுபடி சேர்வது சுமார் 6 சதவீதம், தியேட்டர் அறை வெப்பநிலையில் சுமார் 14. குளிர்ந்த சலைனில் ரத்தம் சரியாக உறையாது, கட்டிகளும் சரியாகக் கரைந்து வராது என்பது விளக்கம். சலைன் பாட்டிலை வார்மரில் வைப்பதற்கு என்ன செலவு? குளிரூட்டிய தியேட்டரில் காலையிலிருந்து நிற்கும் பாட்டிலை எடுத்து ஊற்றாதீர்கள்.

டிரெயின் விஷயத்தில் விவாதமே வேண்டாம். கேம்பிரிட்ஜில் 215 பேர், 2009. டிரெயின் வைத்தவர்களில் மறு அறுவை 9.3 சதவீதம், வைக்காதவர்களில் 24. ஆறு மாத இறப்பும் 8.6-க்கு எதிரே 18.1. இவ்வளவு மலிவான பொருள் இவ்வளவு பலன் தருவது எங்கள் துறையில் அபூர்வம். 48 மணி நேரம் வைக்கிறேன்.

எங்கே வைப்பது: டூராவுக்கு உள்ளே வைப்பதானால் முனை முன்மடல் பக்கம், துளையின் எலும்பு விளிம்பைச் சாய்வாகச் செதுக்கிவிட்டு. நேராகக் குத்தினால் மூளைக்குள் போய்விடும். மண்டையோட்டின் மேல், தோலுக்கடியில் வைப்பது பாதுகாப்பானது. சுவிட்சர்லாந்தில் 220 பேரிடம் ஒப்பிட்டதில் அப்படி வைத்தவர்களுக்கு மறுபடி சேர்ந்தது 8.3 சதவீதம், உள்ளே வைத்தவர்களுக்கு 12. தொற்றும் மூளைக்காயமும் குறைவு. மூளை உடனே மேலே விரிந்து வந்துவிட்டால் உள்ளே இடமிருக்காது, அப்போது கட்டாயம் வெளியேதான்.

#9 வார்டு_சிஸ்டர்

டிரெயின் வார்டுக்கு வந்தபின் நடப்பதையும் எழுதுகிறேன்.

பை கட்டில் மட்டத்துக்குக் கீழே, புவியீர்ப்பில் மட்டும். உறிஞ்சு டிரெயின் போல அமுக்கிவிடக்கூடாது. புது ஸ்டாஃப் பழக்கத்தில் பல்பை அமுக்கிவிடுவார்கள், ஷிஃப்ட் மாறும்போது வாயால் சொல்வதோடு பையிலேயே எழுதி ஒட்டுங்கள். நோயாளியை எழுப்பும்போதும் ஸ்கேனுக்கு அனுப்பும்போதும் கிளாம்ப், திரும்பி வந்ததும் திறக்க வேண்டும். கிளாம்பைத் திறக்க மறந்து ராத்திரி முழுக்க "டிரெயின் நில்", அதாவது ஒன்றும் வரவில்லை, என்று சார்ட்டில் எழுதியிருக்கும்.

நிறம் முக்கியம். பழுப்பு, வரவர இளஞ்சிவப்பு என்றால் சரி. திடீரென புது ரத்தச் சிவப்பு என்றால் கிளாம்ப் போட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். தண்ணீர் போலத் தெளிவாக நிறைய வந்தால் அது மூளைத் தண்டுவட நீர், வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் 24 மணி நேரம் ஒவ்வொரு மணிக்கும் கண்மணி, ஜிசிஎஸ் (நினைவுநிலை மதிப்பெண்), கை கால் பலம் பார்க்க வேண்டும். குழப்பமுள்ளவர் டிரெயினைப் பிடுங்குவார், தலைக்கட்டின் பின்பக்கமாகக் குழாயைக் கொண்டுபோய் முதுகுப்பக்கம் இறக்கினால் கைக்கு எட்டாது.

#10 பொதுமருத்துவர்_தென்காசி

இரண்டு நாள் தட்டையாகப் படுக்கவைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறதா? இந்த வயதில் இரண்டு நாள் படுக்கை என்றால் நிமோனியாவையும் காலில் ரத்தக்கட்டையும் கூப்பிடுவதாகும்.

#11 துளைக்கருவி

பல இடங்களில் இருக்கிறது, விட வேண்டும். போர்ச்சுகலில் 208 பேரிடம், 12 மணி நேரத்துக்குள் எழுப்பி உட்காரவைப்பதையும் 48 மணிப் படுக்கையையும் ஒப்பிட்டார்கள். நிமோனியா, சிறுநீர்த் தொற்று போன்ற மருத்துவச் சிக்கல்கள் 19.2 சதவீதம், படுக்கையில் 34.6. ரத்தக்கட்டு திரும்புவது கூடவில்லை.

டெக்ஸாமெத்தசோன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 748 பேர், 2020. இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே கொடுத்தார்கள். மறு அறுவை குறைந்தது உண்மை: 1.7 சதவீதம், பொய்மாத்திரையில் 7.1. ஆனால் ஆறு மாதத்தில் நல்ல நிலையில் இருந்தவர்கள் 83.9 சதவீதம், பொய்மாத்திரையில் 90.3. சர்க்கரை, தொற்று, மனக்குழப்பம் எல்லாம் சேர்ந்து பலனை விழுங்கிவிட்டன. அறுவைக்குப் பதிலாக டெக்ஸா கொடுத்துப் பார்த்த டச்சு ஆய்வும் 2023-இல் அதே பக்கம்தான் சாய்ந்தது. எத்தனை பேருக்கு மறு அறுவை என்று மட்டும் எண்ணினால் தவறான முடிவுக்கு வருவோம் என்பதை இந்த ஒரு ஆய்வு கற்றுக்கொடுக்கும். இந்தத் தாத்தாவுக்கு வேண்டாம்.

#12 நுண்குழாய்

எம்போலைசேஷனுக்கு வருகிறேன். வெளிச்சவ்வுக்கு ரத்தம் வருவது நடு மெனிஞ்சியல் தமனியிலிருந்து. அதை உள்ளிருந்தே அடைத்தால் சவ்வு வாடும், கசிவு நிற்கும் என்பது அடிப்படை.

தொடை அல்லது மணிக்கட்டு வழியாக வெளிக் கரோட்டிடில் வழிகாட்டிக் குழாய், அங்கிருந்து நுண்குழாய் ஃபொராமென் ஸ்பைனோசம் (இந்தத் தமனி மண்டைக்குள் நுழையும் எலும்புத் துளை) தாண்டி உள்ளே. அடைப்பதற்கு முன் அந்த இடத்திலிருந்தே கைகளால் மெதுவாகச் சாயம் செலுத்திப் படம் எடுப்பது கட்டாயம். இரண்டு ஆபத்துகளைத் தேடுகிறோம். ஒன்று, கண் தமனியோடு இணைப்பு. சிலருக்கு கண் தமனியே இதிலிருந்துதான் கிளம்பும், விழித்திரை நிழல் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும், இல்லையேல் பார்வை போகும். இரண்டு, மண்டையோட்டு அடித்தளத்தருகே பிரியும் பெட்ரோசல் கிளை. அது முகநரம்புக்கு ரத்தம் கொடுப்பது, அடைத்தால் முகம் கோணும். அதனால் நுனி அதைத் தாண்டி முன்கிளை, பின்கிளைகளுக்குள் போனபின்தான் அடைக்கிறோம். அடைக்க பிவிஏ என்ற செயற்கைத் துகள் என்றால் 150–250 மைக்ரான். அதைவிடப் பொடியானவை நரம்புகளுக்குப் போகும் இழை போன்ற குழாய்களுக்குள் நுழைந்துவிடும். ஓனிக்ஸ் போன்ற திரவம் என்றால் அதன் கரைப்பானான டிஎம்எஸ்ஓ உள்ளே போகும்போது கடும் வலி, நாடி சட்டென விழலாம். நாடியை ஏற்றும் அட்ரோப்பின் கையருகே இருக்க வேண்டும்.

2024 நவம்பரில் வந்த ஆய்வில் 400 பேர். அறுவையோடு எம்போலைசேஷன் சேர்த்தவர்களில் 90 நாளில் மறு அறுவை 4.1 சதவீதம், அறுவை மட்டும் என்றால் 11.3. இரத்த உறையாமை மருந்தைத் திரும்பத் தொடங்க வேண்டிய இவரைப் போன்றவருக்கு நான் சிபாரிசு செய்வேன்.

#13 துளைக்கருவி

அதே ஆய்வில் 90 நாள் இறப்பு 5.1 சதவீதம், எதிர்க்குழுவில் 3.0 என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், நுண்குழாய் சார். வித்தியாசம் சிறியதுதான், தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் டெக்ஸா கதையைப் படித்தவர் அந்த எண்ணைத் தாண்டிப் போக முடியாது. அதே மாதம் வந்த சீன ஆய்வில் 722 பேர்: அறிகுறியோடு திரும்பியது 6.7-க்கு எதிரே 9.9, புள்ளியியல் ரீதியாக உறுதியில்லை.

இன்னொன்று, எம்போலைசேஷனின் பலன் வர வாரங்கள் ஆகும். 9 மி.மீ. ஷிஃப்ட்டோடு காலை இழுப்பவருக்கு அதை மட்டும் செய்து காத்திருப்பது ஆபத்து.

#14 நுண்குழாய்

அதில் கருத்து வேறுபாடே இல்லை. அழுத்தம் இருந்தால் முதலில் துளை. எம்போலைசேஷன் தனியாக என்பது அறிகுறி லேசாக உள்ளவருக்கு மட்டும். இறப்பு எண்ணைக் குடும்பத்திடமும் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும், அதையும் ஏற்கிறேன். ஒருமுறை திரும்பி வந்தவர், பிளேட்லெட் குறைந்தவர், செயற்கை வால்வுக்காக மருந்தை நிறுத்தவே முடியாதவர், இவர்களிடம் பயன் அதிகம் என்பது என் கணிப்பு.

#15 ரேடியோ_வாசகி

துளை போடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. 60 வயதுக்குக் கீழே, அடிபடாமல், இரண்டு பக்கமும் ரத்தக்கட்டு, உட்கார்ந்தால் தலைவலி படுத்தால் குறைவு என்றால் தண்டுவடத்தில் எங்கோ நீர் கசிகிறதா என்று பாருங்கள். மூளை கீழே இறங்கியிருக்கும், எம்ஆர்ஐயில் டூரா முழுக்கப் பளபளக்கும். அங்கே துளை போட்டு வடித்தால் மூளை இன்னும் கீழே இறங்கி நினைவு மங்கும். கசிவை அடைப்பதுதான் முதல் சிகிச்சை, எபிடியூரல் பிளட் பேட்ச் (நோயாளியின் ரத்தத்தையே முதுகில் டூராவுக்கு வெளியே செலுத்துவது).

அறுவைக்குப் பின் எடுக்கும் படத்தையும் தப்பாகப் படிக்காதீர்கள். மார்க்வால்டர் என்ற நியூரோ சர்ஜன் 1981-லேயே காட்டினார்: பத்தாம் நாளில் 78 சதவீதம் பேருக்கு மிச்சம் திரவம் இருந்தது, நாற்பதாம் நாளில் 15 சதவீதம்தான். ஆள் நன்றாக நடந்து பேசிக்கொண்டிருக்கும்போது படத்தில் 10 மி.மீ. திரவம் தெரிகிறது என்பதற்காக மறுபடி தியேட்டருக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

#16 சர்ஜரி_முதுகலை

எல்லாருக்கும் நன்றி. அசிட்ரோம் கேள்வி மட்டும் பாக்கி.

#17 பொதுமருத்துவர்_தென்காசி

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு மட்டும் என்றால் நாலு வாரம் கழித்து சிடி எடுத்து, திரவம் குறைந்து புது ரத்தம் இல்லையென்றால் தொடங்குவேன். அதுவரை பக்கவாத ஆபத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், சிறியது. தொடங்கும்போது அசிட்ரோமுக்குப் பதில், மிட்ரல் வால்வு குறுகல் இல்லை என்றால், அபிக்ஸாபானுக்கு மாற்றலாம், மூளைக்குள் ரத்தக்கசிவு அதில் குறைவு. செயற்கை உலோக வால்வு என்றால் அபிக்ஸாபான் கூடாது, நாலு வாரமும் காத்திருக்க முடியாது. ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள், மருத்துவமனையில் வைத்து, லோடிங் இல்லாத ஹெப்பரின் சொட்டில் தொடங்கி, 24 மணி கழித்து சிடி பார்த்து, பிறகு மாத்திரை.

டிஸ்சார்ஜ் அட்டையில் மருந்து நிறுத்திய தேதியோடு மறுபடி பார்க்க வேண்டிய தேதியையும், யாரிடம் என்பதையும் எழுதுங்கள். "அசிட்ரோம் நிறுத்தவும்" என்று மட்டும் எழுதியனுப்பினால் அந்தக் குடும்பம் வருடக்கணக்கில் நிறுத்தியே வைத்திருக்கும், தலை தப்பியவர் பக்கவாதத்தோடு வருவார். குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரைவிரிப்பும் போடச் சொல்லி அதே அட்டையில் எழுதிவிடுங்கள்.

#18 வார்டு_சிஸ்டர்

அட்டையில் இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம் டாக்டர்: தையல் பிரிக்கும் நாள், மறுபடி தலைவலியோ நடை மாற்றமோ அதிகத் தூக்கமோ வந்தால் அன்றே வர வேண்டும் என்பது. கூட வந்தவரிடம் வாசித்துக் காட்டி, அவரையே திரும்பச் சொல்லவைத்து அனுப்புகிறோம்.